திரை யார் கையில்? ஒலித்தர வாதத்தின் நூற்றாண்டுக் கதை

 

சில மாதங்களுக்கு முன், டெல்லியில் நான் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர் விடுதியில் ஒரு பூசல் எழுந்தது. நிலுவையில் கிடந்த நான்கு மாத உதவித்தொகையும் ஒரே நாளில் கைக்கு வந்திருந்தது. சமூகவியல் துறையைச் சேர்ந்த தம்பி ஒருவர் அதில் பெரும்பகுதியைக் கொடுத்து ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கினார். அது போதாதென்று, அதனுடன் வந்த வடத்தைக் கழற்றிவிட்டு, வெள்ளி முலாம் பூசிய கம்பியாலான வேறொரு வடத்தைத் தனியே வாங்கி மாட்டினார். "வடத்தை மாற்றிய பிறகு வீணையின் கமகம் தனியாகத் துலங்குகிறது, அண்ணா" என்றார். நான் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், "காசு போன வருத்தத்தில் பொய் சொல்கிறாய்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போனார். மூன்று வாரம் உணவுக்கூடத்தில் எங்கள் மேசைகள் வேறுவேறாக இருந்தன.

நான் சொன்னது தவறு என்று எனக்கு விளங்கச் சில நாள் பிடித்தது. வடத்தைப் பற்றிய என் கருத்தில் அப்போதும் மாற்றமில்லை. அவரைப் பற்றிச் சொன்னதுதான் உறுத்தியது. சாட்சி கூறுவது உண்மைக்குப் புறம்பாக இருப்பதும், சாட்சி பொய்யுரைப்பதும் ஒன்றல்ல என்பது வரலாற்று மாணவர்க்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம். கல்வெட்டையும் ஓலையையும் படிக்கையில் நினைவில் நிற்கும் அந்தப் பாடம் நண்பரோடு பேசுகையில் நழுவிவிட்டது. அந்த உறுத்தலில்தான் ஒலித்தரம் பற்றிய வாதங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். "என் காது கேட்கிறது" என்பாரும் "கருவி காட்டவில்லையே" என்பாரும் மோதிக்கொள்ளும் இச்சண்டை ஹெட்ஃபோனுக்கு முந்தியது. இது நூறாண்டைக் கடந்தது. இதன் நடுவில் எப்போதும் ஒரு திரை தொங்குகிறது. அத்திரை யார் கையில் இருந்தது என்பதைக் கவனித்தால் வரலாறு தெளிவாகிறது.

எடிசனிடமிருந்து தொடங்கலாம். ஃபோனோகிராஃபை 1877இல் உருவாக்கியவர், 1912இல் 'டைமண்ட் டிஸ்க்' என்னும் தட்டுவகை இசைப்பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். போட்டி நிறுவனங்களின் பொறியைவிட விலை அதிகம். அதனை நியாயப்படுத்த 1915 முதல் அமெரிக்க நகரங்களில் 'டோன் டெஸ்ட்' எனப்பட்ட அரங்க நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. மேடையில் ஒரு பாடகி. அருகில் ஓர் இசைப்பொறி. பாடகி பாடுவார், இடையில் நிறுத்துவார், பொறி தொடரும். பிறகு விளக்குகள் அணைக்கப்படும். இருளில் பாட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். விளக்கு மீண்டும் எரியும்போது மேடையில் பாடகி இருக்கமாட்டார். அவர் எப்போது வெளியேறினார் என்பது அவையோருக்குத் தெரிந்திருக்காது. 1916இல் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கிலேயே மேரி ராப்போல்ட் என்னும் பாடகியைக் கொண்டு இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. வேறுபாடு தெரியவில்லை என்று அவையோர் வியந்தனர். செய்தித்தாள்கள் அவ்வியப்பை அச்சிட்டன.

இன்று அந்தத் தட்டுகளைக் கேட்பவர்க்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். மின்சார ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வராத காலம் அது. பாடுபவர் பெரிய கூம்பு ஒன்றின் வாயில் பாட, அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்ததும் இத்தகைய கூம்புதான். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கூம்பு பிடித்தது அதில் ஒரு சிறு பகுதியையே. அப்படியிருக்க, அவையோர் எவ்வாறு ஏமாந்தனர்? டோன் டெஸ்ட் மேடைகளில் பலமுறை பாடிய ஆன்னா கேஸ், முதுமையில் அளித்த நேர்காணலில் விடை தந்தார். பொறியின் ஒலிக்கு ஒத்துப்போகும்படி தம் குரலின் அளவையும் தன்மையையும் தாமே அடக்கிக்கொண்டதாக அவர் கூறினார். பொறி மனிதக் குரலை எட்டவில்லை. மனிதக் குரல் பொறியின் அளவுக்கு இறங்கி வந்தது.

இதிலிருந்து அவையோர் பொய்யர் என்ற முடிவுக்கு வர இயலாது. அவர்கள் கேட்டதைக் கேட்டவாறே சொன்னார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவரும், விளக்கை அணைத்தவரும், பாடகிக்கு ஊதியம் கொடுத்தவரும் பொறியை விற்றவரே. இருள் என்னும் திரை இருந்தது. அது விற்பவர் கையில் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடிசனுக்கே காது சரியாகக் கேட்காது. பியானோவின் மரத்தைப் பல்லால் கடித்து, எலும்பின் வழி அதிர்வை உணர்ந்து இசை கேட்டவர் அவர். அந்நிலையிலும் எந்தப் பாடகரைப் பதிவுசெய்யலாம் என்பதைத் தாமே தீர்மானித்தார். தம் தீர்ப்பில் அவருக்கு ஐயம் எழுந்ததில்லை. காது பழுதுபட்டிருந்தாலும் காதின் மீதான நம்பிக்கை பழுதுபடுவதில்லை.

1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. பெல் ஆய்வுக்கூடம் வகுத்த முறையை விக்டர், கொலம்பியா ஆகிய நிறுவனங்கள் ஏற்றன. கூம்பு எட்டாத தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் தட்டில் ஏறின. அளவுகோலின்படி இது ஐயமற்ற முன்னேற்றம். ஆயினும் தேர்ந்த இரசிகர் பலர் முகம் சுளித்தனர். இங்கிலாந்தில் 1923இல் 'தி கிராமபோன்' இதழைத் தொடங்கிய எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி, புதிய பதிவுகளின் ஒலி கரகரப்பானது, இயல்புக்கு மாறானது என்று முதலில் கடிந்தார். பின்னர் மனம் மாறினார். மின்பெருக்கியை ஏற்காமல், ஆள் உயரத்துக்கு நெருங்கிய காகிதக்கூழ்க் கூம்புகளைப் பொருத்திய கையால் செய்த இசைப்பொறிகளைப் போற்றியோர் நீண்ட காலம் இருந்தனர். எஃகு ஊசியா, நார் ஊசியா என்ற கேள்விக்கு அவர்களிடையே முடிவே ஏற்படவில்லை. இன்று வடத்தைப் பற்றி நடக்கும் வாதத்தின் மூதாதை அந்த ஊசி வாதம்.

மெக்கன்சியின் முகச்சுளிப்பு வெறும் பழமைப்பற்று அல்ல. தொடக்ககால மின்பதிவுகளில் திரிபு மிகுதியாகவே இருந்தது. ஒலியின் எல்லை விரிந்தபோது, முன்பு கேட்காமல் இருந்த குறைகளும் சேர்ந்து கேட்டன. இந்தச் சிக்கல் 1940களில் ஓர் ஆய்வுப் புதிராகவே வடிவெடுத்தது. 1945இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸின் பொறியாளர்கள் சின், ஐசன்பெர்க் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வானொலி நேயர்களுக்கு விரிந்த அலைவரம்பில் ஒருமுறையும் குறுகிய வரம்பில் ஒருமுறையும் இசையை ஒலிக்கச்செய்து கேட்டதில், பெரும்பான்மையோர் குறுகியதையே விரும்பினர். மக்களுக்கு நல்ல ஒலி வேண்டாம் போலும் என்று பலர் முடிவுக்கு வந்தனர். மலிவான வானொலிப் பெட்டி செய்வோர்க்கு இது வசதியான முடிவும்கூட.

ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தின் ஹாரி ஓல்சன் இதை ஏற்கவில்லை. அவர் செய்த சோதனை எளிமையானது. ஓர் அறையில் சிறு இசைக்குழுவை நேரடியாக வாசிக்கச் சொன்னார். இசைக்குழுவுக்கும் கேட்போருக்கும் இடையில் திறந்து மூடக்கூடிய ஓர் ஒலிவடிகட்டியை நிறுத்தினார். மூடினால் 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி தடைபடும். அதன்மேல் ஒலியை விடும், பார்வையை விடாத திரையைத் தொங்கவிட்டார். வடிகட்டி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது கேட்போருக்குத் தெரியாது. இடையில் ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இப்போது பெரும்பான்மையோர் முழு ஒலியையே விரும்பினர். ஆகவே மக்கள் வெறுத்தது உயர்ந்த ஒலியை அன்று. கருவி அதனோடு கலந்து தந்த திரிபையே வெறுத்தனர் என்பது புலனாயிற்று. 1947இல் வெளியான இவ்வாய்வு நேயர்களின் காதை நிரபராதி என்று விடுவித்தது. எடிசன் பயன்படுத்திய அதே உத்தி, அதாவது ஒலியின் மூலத்தை மறைத்தல், இங்கும் இருந்தது. ஆனால் இம்முறை திரையைப் பிடித்தவர், தமக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

திரை ஏன் தேவை என்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும், ஒலியளவு மாறும்போது தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் காதில் வெவ்வேறு விகிதத்தில் கூடிக் குறைவதை வளைகோடுகளாக வரைந்து காட்டினர். ஒலியைச் சற்றே கூட்டினால் தாழ்சுரம் செழிக்கும். அளவு கூடியதாக நாம் உணரமாட்டோம். நயம் கூடியதாகவே உணர்வோம். எனவே இரு கருவிகளை ஒப்பிடுமுன் அவற்றின் ஒலியளவை ஒரு டெசிபெல்லின் பத்தில் ஒரு பங்கு வரை சமன்செய்ய வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளரின் வழக்கமாயிற்று. கடையில் விலைகூடிய கருவி சற்று உரக்க ஒலித்தாலே போதும், வாங்குபவரின் காது மீதி வேலையைச் செய்துவிடும்.

1970களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆர்வலர் சிலர் 'ஏபிஎக்ஸ்' என்னும் ஒப்பீட்டுப் பெட்டியை உருவாக்கினர். அவர்களுள் ஒருவரான டேவிட் கிளார்க் 1982இல் அம்முறையை ஆய்விதழில் விளக்கினார். 'ஏ' ஒரு கருவி, 'பி' மற்றொன்று, 'எக்ஸ்' இரண்டில் ஏதோ ஒன்று. எது என்பது கேட்பவருக்கும் தெரியாது, உடனிருப்பவருக்கும் தெரியாது. 16 சுற்றுகளில் 12 சரியாக அமைந்தால் காது உண்மையிலேயே எதையோ கண்டுகொண்டது எனலாம். வெறும் ஊகத்தால் அவ்வளவு சரியாக வர 100க்கு 4க்கும் குறைவான வாய்ப்பே உண்டு. இப்பெட்டி வந்தபின் பூசல் முற்றியது. பல பெருக்கிகளும் வடங்களும் திரைக்குப் பின்னால் ஒன்றுபோலவே ஒலித்தன. சோதனையின் பதற்றமே நுண்ணுணர்வைக் கெடுக்கிறது என்று இரசிகர் தரப்பு மறுத்தது.

இங்கு ஜே. கோர்டன் ஹோல்ட் என்பவரை நினைவுகூர வேண்டும். கருவியைக் காதால் கேட்டே மதிப்பிட வேண்டும், அளவீட்டுப் பட்டியல் போதாது என்ற கொள்கையோடு 1962இல் 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கியவர் அவர். காதின் பக்கம் நின்ற முதல் தலைமுறையின் முன்னோடி. அவரே 2007இல், மறைப்புச் சோதனை போன்ற அடிப்படை நேர்மைக்கு உட்பட மறுத்ததால் இத்துறை 1980களிலேயே தன் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது என்று வருந்தினார். காதை நம்பியவர்தாம் அவர்; அதனாலேயே அக்காதைச் சோதிக்கச் சொன்னார். சோதிக்க மறுப்பதைக் காதின் மீதுள்ள மதிப்பாக அவரால் கருத முடியவில்லை.

இனி ஹெட்ஃபோன். இது இசைக்காகப் பிறந்த பொருள் அன்று. 1910இல் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவியை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைப் பிடிப்பதே நோக்கம். இசைக்கான ஸ்டீரியோ ஹெட்ஃபோனை 1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் அறிமுகப்படுத்தினார். 1979இல் வாக்மேன் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இந்த மாற்றம் வாதத்தின் தன்மையையும் மாற்றியது. ஒலிபெருக்கியைப் பற்றிய வாதத்தில் இருவரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே ஒலியைக் கேட்கலாம். ஹெட்ஃபோனில் அது இயலாது. செவிமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பு உறையைச் சற்றுத் தூக்கினாலே தாழ்சுரம் கசிந்துவிடும். இரண்டாம் சாட்சி இல்லாத அனுபவம் அது. ஆகையால் "உனக்குக் கேட்கவில்லை என்றால் குறை உன் காதில்" என்ற பதிலுக்கு எப்போதும் இடமிருக்கிறது.

ஆயினும் இங்கும் திரையைக் கட்டியவர்கள் உண்டு. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஒலிபெருக்கிச் சோதனைகளை வளர்த்தெடுத்த ஃப்ளாய்ட் டூலும், அவருடன் பணியாற்றிய ஷான் ஆலிவும், பின்னர் ஹார்மன் நிறுவனத்துக்குச் சென்று 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்நிறுவனத்தின் ஊழியர் 40 பேர் ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணால் பார்த்தும் பாராமலும் மதிப்பிட்டனர். பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் கூடியது. சிறிய, மலிவான ஒன்றுக்கு இறங்கியது. ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெட்ஃபோனையும் இவ்வாறே சோதித்து, பெரும்பாலோர் விரும்பும் ஒலிவளைவு ஒன்றை வகுத்தனர். அனைவரும் அதை விரும்பவில்லை. தாழ்சுரம் கூடுதலாக வேண்டுவோரும் குறைவாக வேண்டுவோரும் இருந்தனர். 2017இல் யெரோன் பிரேபார்ட் 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்து, அவற்றின் ஒலிவளைவுக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றார். ஹார்மனும் ஹெட்ஃபோன் விற்கும் நிறுவனமே என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவர்கள் தம் முறையை ஆய்விதழில் வெளியிட்டதால் பிறரும் அதைச் செய்து பார்க்க முடிந்தது. எடிசனின் மேடையில் அந்த வாய்ப்பு எவர்க்கும் தரப்படவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டுக் காது எப்போதும் தோற்கும் என்று முடிவுகட்டுவது பிழை. மறுதிசைச் சான்று நம் நாட்டிலேயே உள்ளது. இழுத்துக் கட்டிய சீரான வட்டத்தோலின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமையா என்பது ராலே போன்றோர் வகுத்த ஒலியியல் கணக்கு. இரண்டாவது அதிர்வு 2 மடங்காக இராமல் 1.59 மடங்காக வரும். ஆகவே தோற்கருவியில் தூய சுரம் பிறவாது என்றே கருதப்பட்டது. ஆனால் மிருதங்கமும் தபலாவும் சுருதி கூட்டி வாசிக்கப்பட்டு வந்தன. 1920இல், கல்கத்தாவில் பணியாற்றிய சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். தோலின் நடுவே பூசப்படும் கரணையின் எடை அதிர்வுகளை மாற்றியமைத்து, மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார். தட்டியும் கேட்டும் தேய்த்தும் அடுக்கடுக்காகக் கரணை இட்ட கைவினைஞரின் காது, கணக்குக்கு முன்பே அவ்விடத்தை அடைந்திருந்தது. அந்தக் காது தனிமையில் கேட்ட காது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தவர் கேட்டதை வாசித்தவர் கேட்டார். வாசித்தவர் கேட்டதை உடன் பாடியவர் கேட்டார். சுருதி சேராவிட்டால் அவையே நெளிந்திருக்கும். ஒவ்வொரு கச்சேரியும் அதற்கு ஒரு சோதனை.

ஆக, எஞ்சியிருக்கும் வேறுபாடுகள் சிறியவை. அவை பற்றிய விடைகளும் சிறியவை. குறுந்தகட்டின் தரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவைக் காது உணருமா என்று 2007இல் மேயரும் மோரனும் சோதித்தனர். 554 சுற்றுகளில் 276 சரியான விடை; நாணயம் சுண்டியதற்கு ஒப்பானது. அவர்கள் பயன்படுத்திய தட்டுகள் சிலவற்றின் மூலப்பதிவே உயர்தரமானதன்று என்ற கண்டனமும் எழுந்தது. 2016இல் ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். சரியான விடை 52.3 சதவீதம்; முன்பயிற்சி பெற்றோரிடம் அது கணிசமாக உயர்ந்தது. இரு தரப்பும் இந்த எண்ணைத் தம் வெற்றியாகவே கொண்டாடின. ஒன்றுமே இல்லை என்றவருக்கும் இது சற்று அதிகம். வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு என்றவருக்கும் இது மிகக் குறைவு.

விடுதிக்குத் திரும்புகிறேன். மூன்று வாரம் கழித்துத் தம்பியின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சோதித்துப் பார்ப்போமா என்றும் கேட்டேன். சம்மதித்தார். முதலில் கண்ணைத் திறந்தபடியே அவர் வடத்தை மாற்றி மாற்றி மாட்ட, நான் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் கேட்டது. வெள்ளி வடத்தில் வீணையின் கமகம் சற்றே துலங்கத்தான் செய்தது. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருந்த என் காதிலேயே அது கேட்டது.

பின்னர் ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து அமர்ந்தோம். மூன்றாம் நண்பர் நாணயத்தைச் சுண்டி, அதன்படி வடத்தை மாட்டி, எங்கள் தலையில் பொருத்தினார். ஆளுக்கு 16 சுற்று. அவருக்கு 9 சரி, எனக்கு 7. இது குறையற்ற சோதனை அன்று. மாட்டியவருக்கு விடை தெரியும். வடத்தை மாற்ற ஒரு நிமிடம் ஆகும்போது நினைவும் மங்கும். எனினும் கண் திறந்திருந்தபோது அவ்வளவு தெளிவாகக் கேட்ட கமகம், கண் மூடியதும் எந்த வடத்தில் இருக்கிறது என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் கேட்டது என்ன, அண்ணா?" என்று கேட்டார். கார்னகி ஹாலில் அமர்ந்திருந்தவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். நீ கேட்டது உண்மை, அது வடத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். நானும் கேட்டிருந்ததால் அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றியது. அன்றிரவு ஒரே மேசையில் உண்டோம். வடத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைக்காரர் வாங்கிக்கொள்ளவும் மாட்டார்.

வாய்மொழிச் சான்றுகளோடு பணிபுரியும் நண்பர்களுக்கு இக்கதை பயன்படக்கூடும் என்றே இங்கு எழுதிவைக்கிறேன். ஒலியியல் அறிந்தோர் பிழை கண்டால் திருத்துக.